நத்தையின் உடலுக்குள் சப்போனின் செய்யும் வேலை

எத்தியோப்பியாவில் எண்டோட் செடியின் காய்களை இடித்து, அந்த நுரையில் துணி துவைப்பார்கள். 1964-ல் அட்வா நகரில், துவைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நத்தைகள் செத்துக் கிடப்பதை ஆய்வாளர் அக்லிலு லெம்மா கவனித்தார். மனிதரைத் தாக்கும் சிஸ்டோசோமா புழு தன் வாழ்க்கையின் ஒரு பகுதியை நன்னீர் நத்தைக்குள்தான் கழிக்கிறது. நத்தை குறைந்தால் நோயும் குறையும். அதனால் அது பெரிய கண்டுபிடிப்பு.

நுரைக்கும் நஞ்சுக்கும் காரணம் ஒன்றே: காயிலுள்ள சப்போனின் என்ற வேதிப்பொருள். இதன் ஒரு பகுதி தண்ணீரோடு சேரும், மறுபகுதி கொழுப்போடு சேரும். செல் சவ்வில் இருக்கும் கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொண்டு சவ்வை ஓட்டையாக்கிவிடுகிறது. நன்னீர் நத்தையின் உடல் திரவத்தில் வெளித் தண்ணீரைவிட உப்பு அதிகம். சும்மா இருந்தாலே தண்ணீர் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும், அதை வெளியேற்றியபடியேதான் அது வாழ்கிறது. சவ்வு பழுதானால் அந்தச் சமநிலை போச்சு.

முதலில் நத்தை சளியை அள்ளிக் கொட்டும், ஓட்டுக்குள் சுருங்கும். சில சமயம் பாதம் வீங்கி வெளியே தொங்கும். சிஸ்டோசோமாவைச் சுமக்கும் பயோம்பலேரியா என்ற நத்தை வகையின் உடல் திரவத்தில் ஹீமோகுளோபின் உண்டு. அதனால் கசிவு சிவப்பாகவே தெரியும்.

உண்மையான சேதம் மைக்ரோஸ்கோப்பில்தான் புரியும், அதிலும் செரிமானச் சுரப்பியில். ஓட்டின் உச்சிச் சுருளில் இருக்கும் இந்த உறுப்பு முழுக்கச் சிறு குழல்கள். ஒவ்வொரு குழலின் சுவரிலும் உயரமான செல்கள் நெருக்கமாக நிற்கும். நஞ்சு பட்டதும் அவற்றுக்குள் வெற்றுக் குமிழிகள் பெருகும், செல்களின் நுனி உடைந்து குழலுக்குள் உதிரும், சுவர் மெலியும், நடுத்துளை அகலும். செரிமானத்தோடு சேமிப்பும் நஞ்சு முறிப்பும் இங்கேதான் நடக்கின்றன. இது கெட்டால் நத்தை மீள்வது கடினம். இனப்பெருக்கச் சுரப்பியும் தப்புவதில்லை, கொல்லாத அளவு நஞ்சுகூட முட்டையிடுவதைக் குறைத்துவிடும்.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. முழுக் காயில் இருக்கும் சப்போனினில் இரண்டு சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கும். அந்த வடிவம் நத்தையைக் கொல்லாது. காயைத் தண்ணீர் விட்டு இடித்தால்தான் காயிலுள்ள நொதி ஒரு சங்கிலியை வெட்டி, அதை நஞ்சாக்குகிறது. நேராக ஆல்கஹாலில் ஊறவைத்தால் நொதி செயலிழந்துவிடும், சாறும் வீரியமில்லாமல் போகும்.

சரி, செடியிலிருந்து வந்தது என்பதால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மீனின் செவுளிலும் கொலஸ்ட்ரால் உள்ள சவ்வுதான் இருக்கிறது, அதனால் மீனுக்கும் இது நஞ்சுதான். அப்புறம், நத்தை முட்டைகளைச் சுற்றியுள்ள வழவழப்பான கூழ் அவற்றை ஓரளவு காப்பாற்றிவிடும். ஒரு முறை தெளித்து நிறுத்தினால், பொரித்து வரும் குஞ்சுகள் குளத்தை மறுபடி நிரப்பிவிடும்.