காலையில் யார் கூட்டிப் போவீர்கள்?

எட்டு மாத லாப்ரடார், இரண்டு நாளாக வாந்தி. அறுவை சிகிச்சை செய்து பார்த்தால் குடலை அடைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் சாக்ஸ். "எதைப் பார்த்தாலும் கவ்விடுது டாக்டர்" என்று அலுத்துக்கொண்டார் நாயை வளர்ப்பவர். கவ்வத்தான் செய்யும். வேட்டையில் சுட்டு வீழ்த்திய பறவையைச் சிதைக்காமல் கவ்வி வந்து கொடுப்பதற்கென்றே பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம். 1860களில் ஸ்காட்லாந்தில் கோல்டன் ரெட்ரீவரை உருவாக்கியவர்களுக்கும் தேவைப்பட்டது தண்ணீரிலும் புதரிலும் சளைக்காமல் ஓடும் நாய்தான். சோபாவுக்கு அழகு சேர்க்கும் நாய் அல்ல.

அதனால், லாப்ரடாரோ கோல்டனோ, ரெட்ரீவர் வகை நாய் வாங்கலாமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "தினமும் காலையில் யார் கூட்டிப் போவீர்கள்?" என்றுதான். வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டமும் விளையாட்டும் வேண்டும். இந்தக் கேள்விக்கு வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், பதில் எனக்குத் தெரிந்துவிடும். "பையன் பார்த்துப்பான்" என்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

குழந்தைகளோடு நன்றாகப் பழகும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் ஒரு வயதில் உடம்பு 30 கிலோவை நெருங்கும், புத்தி இன்னும் குட்டிதான். நடை பழகும் குழந்தையைப் பாசத்தாலேயே தள்ளிவிடும். இரண்டு வயது தாண்டித்தான் பல நாய்கள் நிதானத்துக்கு வருகின்றன. நாயைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் பெரும்பாலும் அந்த இடைப்பட்ட மாதங்களில்தான் வந்தார்கள்.

முடி வருடம் முழுக்கக் கொட்டும், அது போகட்டும். சாப்பாடுதான் தொல்லை. பல லாப்ரடார்களுக்குப் பசியடக்கும் மரபணுவிலேயே ஒரு குறை இருப்பதை 2016இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் கெஞ்சும் பார்வைக்கு இரங்கி ஆளுக்கொரு வாய் ஊட்டினால் எடை ஏறும், இடுப்பு மூட்டு தேயும். குட்டி வாங்குவதாக இருந்தால், தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

முடிவெடுக்கும் முன், தெரிந்தவர் வீட்டு வளர்ந்த ரெட்ரீவரை ஒரு வாரம் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சொல்லி அனுப்பிய ஒரு குடும்பத்தலைவர் நான்காம் நாளே போன் செய்தார். "டாக்டர், இப்போதைக்கு வேண்டாம். ஆனா பையன் அழுறான்." அழட்டும் சார், நாய் அழுவதைவிட அது பரவாயில்லை என்றேன்.