கையில பம்ப் பண்ற எஸ்பிரெசோ மெஷினுக்கு எந்தக் காப்பிக்கொட்டை வாங்கணும்?

நமக்குப் புதுச்சேரில காப்பிக்கொட்டை வறுத்து அரைச்சுக் குடுக்கிற கடை. முன்னாடியெல்லாம் வர்றவங்க கேக்கிறது ரெண்டே விஷயம்தான், பீபெரிங்கிற உருண்டைக் கொட்டை இருக்கா, சிக்கரி எவ்ளோ போடணும். இப்ப கொஞ்ச காலமா வேற ஒரு கூட்டமும் வருது. லாஸ்பேட்டை பக்கம் ரூம் எடுத்துத் தங்கி லேப்டாப்ல வேலை பாக்கிற பசங்க, நைட் டூட்டி பாக்கிற டாக்டருங்க, சனி ஞாயிறுன்னா பைக்க எடுத்துக்கிட்டு பிச்சாவரம் கெளம்புறவங்க. பையிலேர்ந்து நானோபிரஸ்ஸோவோ பிக்கோபிரஸ்ஸோவோ, அதாவது கையால அழுத்தி எஸ்பிரெசோங்கிற கெட்டிக் காப்பி எடுக்கிற சின்ன மெஷின, எடுத்து மேசை மேல வெச்சிட்டு "அண்ணா, இதுக்கு ஏத்த மாதிரி ஏதாவது குடுங்க"ம்பாங்க. இதுல முக்காவாசிப் பேரு ஏற்கெனவே எதையோ வாங்கிப் போட்டுப் பாத்து, வாயில வெக்க முடியாம, மெஷின் டூப்ளிகேட் போலன்னு முடிவு கட்டிட்டு வந்தவங்க. மெஷின்ல பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, உள்ள போட்டதுதான் சரியில்ல.

மொதல்ல கை வெந்து போற விஷயத்த சொல்லிடுறேன். சிக்கரி கலந்த ஃபில்டர் காப்பித் தூள இந்த மெஷின்ல போடவே கூடாது. சிக்கரிங்கிறது ஒரு செடியோட வேர வறுத்து அரைச்ச தூள், அதுல கஃபீன் கெடையாது, சுடுதண்ணி பட்டதும் சட்டுனு கரைஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும். நம்ம வீட்டு ஃபில்டர்ல அது நல்லது, தண்ணி மெதுவா சொட்டு சொட்டா எறங்குது, டிகாஷன் கெட்டியா நிக்குது, அங்க யாரும் மேலேர்ந்து அழுத்தல. ஆனா இங்க ஒரு சின்ன கூடைக்குள்ள எட்டு கிராம் தூள திணிச்சு, கையால பம்ப் பண்ணி தண்ணிய தள்றோம். சிக்கரி அந்த சல்லடைய அப்படியே அடைச்சிடும். காப்பி வரலியேன்னு நம்ம இன்னும் வேகமா அழுத்துவோம், அழுத்தம் எல்லாம் உள்ளயே நிக்கும், அப்புறம் என்னாச்சுன்னு பாக்க மூடிய திருகுவோம். கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து வர்ற ஒரு தம்பி இப்படித்தான் திருகி, கொதிக்கிற தண்ணியும் தூளுமா பீச்சி அடிச்சு, நாலு விரலும் கொப்புளத்தோட வந்து நின்னாரு. அடைச்சிக்கிச்சுன்னா பம்ப் பண்றத அப்பவே நிறுத்துங்க, திறக்காதீங்க, மெஷின் முழுசா ஆறட்டும், ஆறின பிறகு மூஞ்சிய அந்தப் பக்கம் வெச்சுக்கிட்டு மெதுவா கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணுங்க.

பாக்கெட்ல சிக்கரி இருக்கான்னு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. சட்டப்படி காப்பி சிக்கரி கலவைல காப்பி 51 சதவீதத்துக்குக் கொறையக் கூடாது, எது எவ்ளோன்னு பாக்கெட் மேல போட்டே ஆகணும். முன்னாடி பெருசா காப்பின்னு இருக்கும், "காப்பி 60, சிக்கரி 40"ங்கிறது பொடி எழுத்துல இருக்கும், அதப் படிக்காம வாங்கிடுறோம். கடைல லூஸா வாங்கினா வாயத் தெறந்து "பியூர், சிக்கரி வேணாம்"னு சொல்லணும், சொல்லலன்னா நம்ம ஊர்ல பழக்கத்துக்கு 80:20 போட்டுக் குடுத்துடுவாங்க, அது அவங்க தப்பு இல்ல. இன்ஸ்டன்ட் தூளும் இதுல வேணாம், அது முழுசா கரையிற சாமான், அதுக்கு எதுக்கு மெஷின், டம்ளரும் ஸ்பூனும் போதும்.

சரி, சிக்கரி இல்லாத கொட்டைன்னு முடிவாயிடுச்சு. அடுத்து எல்லாரும் பண்றது என்னன்னா, இருக்கிறதுலயே வெல அதிகமான, லைட்டா வறுத்த, பாக்கெட் மேல ஆரஞ்சு வாசன பூ வாசனன்னு போட்ட கொட்டைய வாங்கிடுறது. அந்தக் கொட்டை மோசம்னு சொல்லல, நானே அத தூள் மேல சுடுதண்ணி ஊத்தி வடிக்கிற முறைல ரசிச்சுக் குடிப்பேன், ஆனா இந்த மெஷினுக்கு அது ஒத்து வராது. காரணம் சூடு. எஸ்பிரெசோக்குத் தண்ணி 90லேர்ந்து 96 டிகிரி வரைக்கும் இருக்கணும், அழுத்தம் சுமாரா 9 பார். கஃபேல இருக்கிற பெரிய மெஷின்ல பாய்லர் இருக்கு, கனமான உலோகம் இருக்கு, சூடு அசையாம நிக்கும். நம்ம கைல இருக்கிறது ஒரு சின்ன குப்பி. நம்ம ஊரு கடல் மட்டத்துல இருக்கிறதால கெட்டில்ல தண்ணி 100 டிகிரிக்குக் கொதிக்குது, அது ஒரு வசதி, இதே மெஷின கொடைக்கானலுக்கு எடுத்துட்டுப் போனீங்கன்னா அங்க 93 கிட்டயே கொதிச்சிடும். ஆனா அந்தக் கொதிதண்ணி ஃப்ளாஸ்க்ல கொஞ்ச நேரம் கெடந்து, குளுந்த குப்பிக்குள்ள விழுந்து, தூள் வழியா எறங்கும்போது பத்து டிகிரிக்கு மேலகூட இழந்துடும். லைட் ரோஸ்ட் கொட்டை கெட்டியா இருக்கும், அதோட சாரத்த எடுக்க நல்ல சூடு வேணும், சூடு பத்தலன்னா புளிப்பு மட்டும் மொதல்ல எறங்கிடும், இனிப்பு உள்ளயே நின்னுடும். "அண்ணா எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு"ன்னு வந்து சொல்றது எல்லாம் இந்தக் கேஸ்தான்.

அதனால நான் குடுக்கிறது மீடியம், இல்ல மீடியமுக்கு ஒரு படி மேல. நல்ல செம்பழுப்பா இருக்கணும், மேல எண்ணெய் கசிஞ்சு பளபளன்னு இருக்கக் கூடாது. கருக வறுத்த எண்ணெய்க் கொட்டை சுலபமா எறங்கும், உண்மைதான், ஆனா கசப்பு நாக்குல ஒட்டிக்கும், கிரைண்டர் பல்லுலயும் எண்ணெய் படிஞ்சு கொஞ்ச நாள்ல சிக்கு வாட வரும். "எஸ்பிரெசோ ரோஸ்ட்"னு பாக்கெட்ல போட்டிருந்தா நம்பி வாங்காதீங்க, அதுக்குன்னு ஒரு அளவு கெடையாது, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நெறத்துல வறுத்து அதே பேர ஒட்டுறாங்க. பேட்டரில தானே சூடு பண்ற மெஷின் வெச்சிருக்கவங்க இன்னும் கொஞ்சம் லைட்டா போகலாம். மத்தவங்க சுடுதண்ணிய ஒரு தடவ சும்மா பம்ப் பண்ணி வெளிய விட்டு மெஷின சூடாக்கிட்டு அப்புறம் தூள போடுங்க, இத ஒண்ண செஞ்சாலே பாதிப் புளிப்பு போயிடும்.

காப்பிக்கொட்டைல முக்கியமா ரெண்டு ஜாதி, அராபிகா, ரொபஸ்டா. இதுல ரொபஸ்டான்னு சொன்னதும் சில பேரு மொகத்த சுளிக்கிறாங்க, எங்கயோ வீடியோல நூறு சதவீதம் அராபிகாதான் ஒசத்தின்னு கேட்டுட்டு வர்றாங்க. இந்தியால வெளையிற காப்பில பெரும்பங்கு ரொபஸ்டாதான், இத்தாலிக்காரங்களே எஸ்பிரெசோ பிளெண்ட்ல அத ஏத்தித்தான் பழக்கம். சின்ன மெஷினுக்கு அது நெஜமாவே உதவுது, மேல நொர கெட்டியா நிக்கும், பாடி, அதாவது வாயில ஒரு கனம் வரும், புளிப்பு அடங்கும். அராபிகா 70, ரொபஸ்டா 30ன்னு ஆரம்பிச்சுப் பாருங்க. பாண்லே பால் ஊத்திக் குடிக்கிற ஆளா இருந்தா ரொபஸ்டா கொஞ்சம் தூக்கலா இருந்தாத்தான் பாலுக்குள்ள காப்பி தெரியும். கஃபீன் மட்டும் அராபிகாவ விட ஏறக்கொறைய ரெண்டு மடங்கு, ராத்திரி எட்டு மணிக்கு மேல குடிச்சிட்டு தூக்கம் வரலன்னு எனக்கு மெசேஜ் போடாதீங்க.

ரொபஸ்டா கேக்கும்போது "பார்ச்மென்ட்"னு கேளுங்க, அது பழத்தோல உரிச்சுக் கழுவிக் காயவெச்சது, சுத்தமா இருக்கும். "செர்ரி"ன்னா பழத்தோடயே காயவெச்சது. அராபிகால கழுவினதுக்குப் பேரு பிளாண்டேஷன், அதுல வர்ற ஏ, பி எல்லாம் சைஸ் கணக்கு, ருசிக்குப் போட்ட மார்க் இல்ல. பீபெரியும் அப்படித்தான், பழத்துல ரெண்டு கொட்டைக்குப் பதிலா ஒத்தக் கொட்டையா உருண்டையா வெளைஞ்சது, அதுக்கு ஏன் அவ்ளோ கூடுதல் காசுன்னு எனக்கே சில சமயம் தோணும். புளிப்பே ஆகாதுங்கிறவங்களுக்கு நான் எடுத்துக் குடுக்கிறது மான்சூன்டு மலபார், மேற்குக் கடற்கரைல மழக்காலக் காத்துல கொட்டைய பரப்பி ஊற விட்டு வெளுக்க வெக்கிறது, புளிப்பு சுத்தமா அடங்கி கனமா இருக்கும், நம்ம குப்பிக்கு ரொம்பப் பொருத்தம்.

தேதி பாக்கிறப்ப வறுத்த தேதிய பாருங்க. பேக்கிங் தேதியும் பெஸ்ட் பிஃபோரும் வேற, பேக் பண்ண அன்னிக்கித்தான் வறுத்தாங்கன்னு எந்த உத்தரவாதமும் இல்ல. வறுத்த அன்னிக்கே போட்டாலும் வேலைக்காகாது, கொட்டைக்குள்ள கார்பன் டை ஆக்சைடு நெறைய இருக்கும், குலுக்கின சோடா மாதிரி பொங்கி, தண்ணி ஒரு பக்கமா ஓட்ட போட்டுக்கிட்டு போயிடும். ஒரு வாரம் போல விட்டுட்டு ஆரம்பிச்சு, ஒரு மாசம் ஒண்ணற மாசத்துக்குள்ள தீத்துடுங்க. எட்டு கிராம் மெஷின்னா கால் கிலோல முப்பது கப் வரும், பிக்கோபிரஸ்ஸோ மாதிரி பதினெட்டு கிராம்னா பதிமூணுதான், அந்தக் கணக்குல வாங்குங்க, அர கிலோ ஒரு கிலோன்னு வாங்கி அடுக்காதீங்க. நம்ம கடலோரக் காத்துல ஈரம் ஜாஸ்தி, தெறந்த பாக்கெட்ட கிளிப் போட்டு விட்டா கார்த்திகை மழைல ரெண்டே வாரத்துல வாசன காலி. ஃப்ரிட்ஜுக்குள்ளயும் வெக்காதீங்க, எடுக்குறப்ப வேர்த்து தண்ணி கோத்துக்கும், பக்கத்துல இருக்கிற கருவாட்டு வாசனையும் ஏறும். காத்து புகாத டப்பா, இருட்டு அலமாரி, அவ்ளோதான்.

அரைவை பத்தி தனியாவே எழுதலாம், இப்போதைக்கு இதக் கேளுங்க. மிக்ஸில அரைச்சா மாவும் குருணையுமா வரும், குருணைலேர்ந்து புளிப்பு, மாவுலேர்ந்து கசப்பு, ரெண்டும் ஒரே கப்புல. கைல சுத்துற பர் கிரைண்டர், அதாவது ரெண்டு பல்லுக்கு நடுவுல கொட்டைய ஒரே சீரா அரைக்கிறது, ஒண்ணு வாங்கிட்டீங்கன்னா கொட்டைக்கு செலவு பண்ற காசு வீணாப் போகாது. அது இல்லாதவங்க கடைலயே அரைச்சுக்கலாம், ஆனா "ஃபில்டருக்கு"ன்னு சொல்லாதீங்க, மெஷினையே கொண்டு வாங்க. நான் கொஞ்சமா அரைச்சு உங்க கூடைல போட்டு அங்கயே பம்ப் பண்ணிப் பாப்பேன், பத்து செகண்டுல கொட்டிடுச்சுன்னா இன்னும் நைஸ், கை வலிக்கிற அளவுக்கு இறுகினா ஒரு சுத்து பெருசு, இருபத்தஞ்சுலேர்ந்து முப்பது செகண்டுக்குள்ள நூலா எறங்கினா அந்த கிரைண்டர் நம்பர பாக்கெட் மேல எழுதிக் குடுத்துடுவேன். அடுத்த தடவ வேற கொட்டை வாங்குனா அந்த நம்பர் செல்லாது, மறுபடியும் மெஷின எடுத்துட்டுத்தான் வரணும்.