முனிசிபாலிட்டி: ஊர்க்கடன் ஏற்றவர்கள்

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் முனிசிபாலிட்டி. சாக்கடை அடைத்துக்கொண்டால் முனிசிபாலிட்டி. தெருமுனைக் குப்பை நாறினால் கேட்கவே வேண்டாம். எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் இந்தச் சொல் யார் வாயிலும் வருவதில்லை. ஒரு சொல் ஏறக்குறையப் புகாராகவே வாழ்வது பரிதாபம்தான். பிறந்தபோது அதற்கு நல்ல பொருள் இருந்தது.

லத்தீனில் ‘முனியா’ என்றால் செய்தே ஆக வேண்டிய பணிகள். ‘காபெரே’ என்றால் எடுத்துக்கொள்ளுதல், ஏற்றல். இரண்டும் கூடி ‘முனிகெப்ஸ்’ ஆயிற்று: கடமையை ஏற்றவர், அதாவது அந்த ஊரின் குடி. அத்தகைய குடிகள் வாழ்ந்த ஊர் ‘முனிகிபியும்’. ரோமின் ஆளுகைக்குள் வந்த இத்தாலிய ஊர்கள் படைக்கு ஆள் அனுப்புவது போன்ற கடமைகளை ஏற்று, உள்ளூர்க் காரியங்களைத் தாங்களே கவனித்துக்கொண்டபோது இந்தப் பெயரைப் பெற்றன. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் காதுக்கு ‘முனிசிபாலிட்டி’யாக வந்து சேர்ந்தது. பேச்சில் அது ‘முனிசிபால்டி’ என்று இன்னும் தேய்ந்துவிட்டது.

வேரில் அலுவலகமும் இல்லை, தலைவரும் இல்லை. கடமையும் அதை ஏற்ற ஆளும் மட்டுமே இருக்கிறார்கள். இதன் உறவுச் சொற்களும் சுவையானவை. கடமையில் எல்லோருக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லும் ‘கொம்முனிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் ‘கம்யூனிட்டி’. கடமையிலிருந்து விலக்குப் பெற்றவர் ‘இம்முனிஸ்’. அதிலிருந்து பிறந்தது ‘இம்யூனிட்டி’. நோய்க்கு எதிரான காப்பு என்ற பொருள் அதற்குப் பிற்காலத்தில் ஏறியது.

தமிழிலும் இதற்கு நேரான சொற்கள் உண்டு. ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்ற புறநானூற்று வரியில் கடன் என்பது கடமை. இன்று அதே சொல்லுக்கு வங்கியில் வாங்கியது என்றுதான் பொருள் எடுக்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்பது வரியின் பெயர். வரி விலக்குப் பெற்ற நிலம் ‘இறையிலி’. ‘இம்முனிஸ்’ என்ற ரோமச் சொல்லைத் தமிழாக்கச் சொன்னால் நான் யோசிக்காமல் இறையிலி என்றுதான் எழுதுவேன்.

சரி, அந்தக் கடமைதான் என்ன? தென் இத்தாலியில் ஹெராக்லியா என்ற பழைய ஊரின் அருகே 1732-ல் வெண்கலப் பட்டயம் ஒன்று கிடைத்தது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சட்டத்தில் பெரும் அரசியல் எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துபோவார். ரோம் நகரத் தெருக்களைப் பற்றிய பகுதியில், வீட்டுக்காரர் தன் வாசலுக்கு எதிரே உள்ள தெருவைத் தானே பராமரிக்க வேண்டும் என்றிருக்கிறது. தவறினால் ‘ஈடில்’ எனப்பட்ட நகர அதிகாரி அந்த வேலையைக் குத்தகைக்கு விட்டு, செலவை அவர் தலையில் கட்டுவார். விடிந்தது முதல் பிற்பகல் வரை பாரவண்டிகள் நகருக்குள் ஓடக் கூடாது. விலக்குகள் சில உண்டு. அவற்றில் எனக்குப் பிடித்தது இது: இரவில் சரக்கோடு உள்ளே வந்த வண்டி, பகலில் வெறுமனேயோ சாணக் கழிவை ஏற்றிக்கொண்டோ வெளியே போகலாம். போக்குவரத்துக் கட்டுப்பாட்டையும் கழிவு அகற்றலையும் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சுற்றுச்சூழல் என்ற சொல் அன்று யாருக்கும் தெரியாது. வேலை மட்டும் நடந்தது.

இப்போது தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். பழைய செய்தித்தாள்களில் ‘ஸ்தல ஸ்தாபனம்’ என்று கண்டிருப்பீர்கள். ஊர் அளவிலான எல்லா அமைப்புகளுக்கும் அது பொதுப்பெயர். அந்த இடத்தை ‘உள்ளாட்சி’ பிடித்துக்கொண்டது, பிடித்ததும் நல்லதே. ‘நகர பரிபாலன சபை’ என்றொரு நீட்டலான பெயரும் இருந்தது. பரிபாலனம் என்றால் காத்து வளர்த்தல், பொருள் அருமை. ஆனால் ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாத பெயரை யார் கூப்பிடுவார்கள்? இன்று தமிழ்நாட்டில் நகராட்சி, இலங்கையில் நகர சபை, சிங்கப்பூரில் நகர மன்றம், மலேசியாவில் நகராண்மைக் கழகம். நான்கும் நான்கு விதமான சட்ட அமைப்புகளுக்கான பெயர்கள், அதனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போட முடியாது. சொல்லாக மட்டும் நிறுத்துப் பார்த்தால் என் ஓட்டு ‘நகராண்மை’க்கு.

காரணம் சொல்கிறேன். ஆட்சி, ஆண்மை இரண்டும் ‘ஆள்’ என்ற வினையிலிருந்து வந்தவை. காண் காட்சி ஆனது போல ஆள் ஆட்சி ஆயிற்று. கேட்டதும் நினைவுக்கு வருவது அதிகாரம், நாற்காலி, தேர்தல். ‘ஆண்மை’ என்றால் இன்றைக்கு வீரம் என்று மட்டும் தோன்றினாலும், சொல்லின் ஈற்றில் வரும்போது அது பொறுப்பேற்று நடத்துவதைக் குறிக்கிறது. வேளாண்மை, தாளாண்மை, மேலாண்மை எல்லாம் அந்தக் குடும்பம். 1026-ஆம் குறளில் ‘இல்லாண்மை’ என்ற சொல் வருகிறது. தான் பிறந்த குடியை நடத்தும் பொறுப்பைத் தனதாக்கிக் கொள்வதே ஒருவனுக்கு நல்லாண்மை என்கிறது அந்தக் குறள். கடமையை எடுத்துக்கொள்ளுதல் என்ற லத்தீன் வேருக்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சங்கப் பாடல்களில் ‘நகர்’ என்றால் பல இடங்களில் ஊர் அல்ல, வீடு. பெரிய மாளிகை, சில இடங்களில் கோயில். நெடுநகர், வளநகர் என்று படிக்கும்போது நாம் தெருக்களைக் கற்பனை செய்கிறோம், பாடியவர் ஒரு வீட்டைச் சொல்லியிருப்பார். இங்கேதான் சுற்றுச்சூழல் உள்ளே நுழைகிறது. ஜெர்மன் உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹேக்கல் 1866-ல் ‘இகாலஜி’ என்ற சொல்லை உருவாக்கினார். அதன் முதல் பாதி ‘ஓய்கோஸ்’ என்ற கிரேக்கச் சொல், பொருள் வீடு. நகரும் வீடு, ஓய்கோஸும் வீடு. வேர்களை அப்படியே பெயர்த்தால், ஊர் அமைப்பு சூழலைக் காப்பது என்பது வீட்டு வேலையைப் பார்ப்பது.

வீட்டு வேலை என்றதும் சின்ன விஷயமாக நினைத்துவிட வேண்டாம். சுவீடனில் வெக்ஷோ என்ற ஊரில் ட்ரும்மன் என்றொரு ஏரி. ஊர்க் கழிவுநீரும் ஆலைக் கழிவும் பல ஆண்டுகள் அதில் விழுந்தன. 1950-களின் இறுதியில் கழிவுநீரை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். பாடப்புத்தகப்படி ஏரி தெளிந்திருக்க வேண்டும், தெளியவில்லை. ஆண்டுக்கணக்கில் அடியில் படிந்திருந்த சேறு, தான் தின்ற பாஸ்பரஸை நீருக்குள் திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டிருந்தது. அதை உண்டு பாசி கொழுத்தது. 1970-லும் 1971-லும் அந்த மேல் சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகே நீர் தெளிந்தது. குழாயை அடைப்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற எந்த ஊருக்கும் இது பாடம். ஒரு ஏரியைத் தூர்வாரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இன்னும் உள்ளே என்ன வருகிறது, ஏற்கெனவே வந்தது எங்கே கிடக்கிறது? முதல் கேள்வியை விட்டுவிட்டுத் தூர்வாரினால் மீண்டும் தூர்வார வேண்டிவரும். இதே வெக்ஷோதான் 1996-ல் புதைபடிவ எரிபொருள் இல்லாத ஊராக மாறுவோம் என்று தீர்மானம் போட்டது. ஏரியைக் கழுவி முடித்த ஊருக்கு அந்தத் துணிச்சல் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

மழைநீர் விஷயத்தில் பிரேசிலின் குரிச்சிபா நகரம் வேறு வழியில் போனது. வெள்ளம் வரும் ஆற்றோரங்களைக் கான்கிரீட் கால்வாயாக்காமல் பூங்காக்களாகவும் ஏரிகளாகவும் விட்டார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தங்க இடம், மற்ற நாளில் பிள்ளைகள் ஓட இடம். புல்லை மட்டமாக வைக்க நகரமே ஆடு வளர்த்தது என்பது கூடுதல் செய்தி. அதே நகரம் பிரித்த குப்பையைக் கொண்டுவந்தால் காய்கறி தரும் திட்டத்தையும் நடத்தியது.

குப்பை என்றதும் ஒரு கிளைக்கதை. ஊர் அமைப்புகளின் அகராதியில் நாம் அன்றாடம் புழங்கும் சொல் ‘துப்புரவு’. இந்தச் சொல் குறளில் (378, 1050) வரும்போது அதற்குத் துய்க்கும் பொருள் என்று அர்த்தம், உண்ணவும் உடுக்கவும் வைத்திருப்பவை. துப்புரவு இல்லார் என்றால் நுகர ஏதும் இல்லாத ஏழைகள். அந்தச் சொல்லே இன்று கழிவை அகற்றும் வேலையைக் குறிக்கிறது. ‘குப்பை’யும் அப்படித்தான், பழைய பொருள் வெறும் குவியல். உப்புக் குவித்தாலும் குப்பை, நெல் குவித்தாலும் குப்பை. சொற்கள் இப்படி இறங்கியதற்கு மொழியியல் காரணம் என்னவாக இருந்தாலும், குப்பை லாரியில் போவதெல்லாம் நேற்று யாரோ துய்த்த பொருள்தானே.

ஆகவே ஊர் அமைப்பு முதலில் பிடிக்க வேண்டிய இடம் வீட்டு அடுப்படி. சமையல் கழிவையும் காகிதத்தையும் ஒரே வாளியில் போட்டால் இரண்டும் பாழ். கலந்த குப்பை குழியில் மூடிக் கிடந்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வெளிவரும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். தனியாக வந்த ஈரக் கழிவு எருவாகும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருக்கும்படி காய்ந்த இலையைக் கலந்து, ஈரம் குறையாமல் புரட்டிவிட்டால் குவியலுக்குள் சூடு 55 டிகிரியைத் தாண்டும். சில நாள் அந்தச் சூடு நின்றால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் சாகும். நாறுகிற எருக்கிடங்கு என்பது புரட்டாமல் விட்ட எருக்கிடங்கு, அவ்வளவுதான்.

ஜப்பானில் கமிகாட்சு என்ற சிற்றூர் 2003-ல் குப்பையே இல்லாத ஊராவோம் என்று அறிவித்தது. 1,500 பேருக்கும் குறைவுதான் அங்கே. குப்பை வண்டி வீடு தேடி வருவதில்லை. மக்களே கொண்டுபோய் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்துப் போடுகிறார்கள், சுமார் 80 விழுக்காடு மறுசுழற்சிக்குப் போகிறது. 2020-க்குள் முழுக்க ஒழிப்போம் என்ற இலக்கை எட்டவில்லை. மீதியில் நாப்கின் போன்று பிரிக்கவே முடியாமல் செய்யப்பட்ட பொருள்கள் இருக்கின்றன. அதை ஊர் அமைப்பால் மட்டும் தீர்க்க முடியாது, செய்து விற்பவரும் கடன் ஏற்க வேண்டும். பெரிய ஊருக்கு இத்தனை வகை ஒத்துவருமா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு மூன்று வகையாக, ஆனால் ஒருநாளும் தவறாமல் எடுப்பதே மேல். பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கொட்டுவதை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் பிரிக்கமாட்டார்கள்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கும் தமிழில் பழைய சொல் உண்டு: வாரியம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று குழுக்களின் பெயர்கள் வருகின்றன. உறுப்பினரைக் குடவோலையில் எடுத்தார்கள், பதவி ஓராண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மீண்டும் ஓலைக்குத் தகுதி இழந்தார்கள். நிலம் இருந்தவருக்கே இடம் என்பது போன்ற விதிகளும் இருந்தன, அதனால் அதைப் பொற்காலமாக்கிக் கொண்டாட நான் தயாரில்லை. ஏரிக்கென்று தனி ஆள், அவர் தர வேண்டிய கணக்கு என்ற இரண்டும் மட்டும் இன்றைய எந்த ஊருக்கும் பொருந்தும். இப்போது ‘போர்டு’ என்பதற்கு இணையாக வாரியம் வழங்குகிறது. கணக்குப் பகுதி மட்டும் சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டது.

கடைசியாகப் பயன்பாடு. அமைப்பின் பெயராக, அந்தந்த நாட்டுச் சட்டம் வைத்த பெயரையே எழுதுங்கள். நகராட்சி என்று பலகை தொங்கும் இடத்தை நகராண்மை என்று எழுதினால் தபால் சேராது. ஊரின் அன்றாடப் பொறுப்பைச் சொல்லும்போது, அதாவது ஆங்கிலத்தில் ‘முனிசிபல்’ என்று அடைமொழியாக வருமிடத்தில், நகராண்மை பொருந்தும்: நகராண்மைப் பணி, நகராண்மைப் பொறியாளர். ஒரு விலக்கு உண்டு. ‘முனிசிபல் வேஸ்ட்’ என்பதை ‘நகராட்சிக் கழிவு’ என்று எழுதுகிறார்கள், அது அலுவலகம் போட்ட குப்பை போலத் தொனிக்கிறது. போட்டது நாம். நகரக் கழிவு என்று எழுதலாம், ஊர்க்குப்பை என்றால் இன்னும் நன்றாகப் புரியும்.