பெர்மிஷன்: அனுமதியா, அணுகுரிமையா?

லினக்ஸ் இயங்குதளத்தில் நிர்வாகி அல்லாத சாதாரணக் கணக்கிலிருந்து ஸ்கிரிப்ட் (கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு) ஓட்டுகிறவர்களுக்கு நன்றாகப் பழகிப்போன செய்தி 'பெர்மிஷன் டினைட்'. தமிழில் இதை 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று போடுகிறோம். இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் யாரிடமோ கேட்டு, அவர் முடியாது என்று சொல்லிவிட்டதைப் போன்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. உடனே முன்னால் சுடோ (நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) சேர்த்து ஓட்டுகிறார்கள், அல்லது கோப்புக்கு, எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே பெரும்பாலும் தேவையில்லாதவை.

பெர்மிஷன் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். 'பெர்' என்றால் ஊடாக. 'மித்தெரே' என்றால் அனுப்பு, போகவிடு. தமிழில் விடு என்ற வினையிலிருந்து விடை பிறந்ததும் இதே தடம்தான். விடை கொடுத்தார், விடை பெற்றார் என்னும்போது விடை என்பது போக விடும் இசைவு. அனுமதி வடமொழிச் சொல். அனு என்பது பின்தொடர்தலையும் மதி என்பது எண்ணத்தையும் குறிக்கும். ஒருவர் எண்ணத்துக்கு இன்னொருவர் உடன்படுவது அனுமதி. கேட்பவர், கொடுப்பவர் என்று இரண்டு மனிதர்கள் இருக்கும் இடத்துச் சொல் அது.

கோப்புகளின் உலகில் கொடுப்பவர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. லினக்ஸின் முன்னோடியான, பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அதிலேயே 'சிஎச்மாட்' கட்டளை உண்டு. 'சேஞ்ச் மோட்' என்பதன் சுருக்கம். மோட் என்றால் நிலை. கோப்பின் மேல் எழுதி வைத்த ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அந்தப் பதிப்பில் உடையவர், மற்றவர் என்று இரண்டே தரப்பு. குழு என்ற மூன்றாவது தரப்பு பிறகு சேர்ந்தது.

இன்றைக்கு 'எல்எஸ் -எல்' அடித்தால் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் பத்து எழுத்துகள் தெரியும். முதல் எழுத்து கோப்பின் வகை. மீதி ஒன்பதும் உடையவர், குழு, மற்றவர் என்று மும்மூன்றாகப் பிரியும். படிக்க ஆர், அதற்கு 4. எழுத டபிள்யூ, அதற்கு 2. இயக்க எக்ஸ், அதற்கு 1. எடிட்டரில் புதிதாக எழுதிச் சேமித்த ஸ்கிரிப்ட் வழக்கமாக 644 ஆக இருக்கும். அதாவது நீங்கள் படிக்கலாம், எழுதலாம் (4+2=6). மற்ற இரண்டு தரப்பும் படிக்க மட்டும்தான் (4). எக்ஸ் யாருக்கும் இல்லை. அதன் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட்டு ஓட்டினால் பெர்மிஷன் டினைட் வரும். நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான பாஷ், இயக்க முடியவில்லை என்பதற்கு அடையாளமாக 126 என்ற எண்ணைத் திருப்பித் தரும். அதே கோப்பை முன்னால் 'பாஷ்' என்று போட்டு ஓட்டிப் பாருங்கள், ஓடிவிடும். இப்போது இயங்குவது பாஷ் நிரல். உங்கள் கோப்பை அது படிக்க மட்டுமே செய்கிறது, படிக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது. நிரந்தரத் தீர்வு, உடையவருக்கு எக்ஸ் சேர்க்கும் 'சிஎச்மாட் யூ+எக்ஸ்'. இதற்கு சுடோவும் வேண்டாம், 777-உம் வேண்டாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இசைவு, ஒப்புதல் இரண்டும் நல்ல சொற்கள்தான், ஆனால் அனுமதியைப் போலவே இவற்றிலும் ஒரு மனிதர் தலையாட்ட வேண்டியிருக்கிறது. உரிமை நெருங்கி வருகிறது. ஆனால் சொத்துரிமை என்னும்போது அதே சொல் உடைமையையும் குறிப்பதால், 'சிஎச்ஓன்' மாற்றும் உடைமையும் 'சிஎச்மாட்' மாற்றும் உரிமையும் குழம்பிவிடும். இரண்டும் வேறுவேறு. உங்கள் சொந்தக் கோப்பிலேயே உடையவருக்கான மூன்று எழுத்துகளை எடுத்துவிட்டு மற்றவருக்கு எல்லாம் கொடுத்து வைத்தால், உங்களால் அதைத் திறக்க முடியாது. நீங்கள் உடையவர் என்றால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் முதல் மூன்றை மட்டும்தான் பார்க்கும். ஆகவே அணுகுரிமை என்பதையே நான் பரிந்துரைப்பேன். 'அணுகுரிமை இல்லை' என்று திரையில் வந்தால், யாருக்கு, எதன் மேல், எந்த உரிமை என்ற கேள்வி தானாக எழும். தேட வேண்டியதும் அதைத்தான்.

யாருக்கு என்பதை 'ஐடி' கட்டளை காட்டும். உங்களைப் புதிதாக ஒரு குழுவில் சேர்த்திருந்தாலும், வெளியேறி மறுபடி உள்நுழையும் வரை பழைய அமர்வுக்கு அது தெரியாது. எதன் மேல் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஸ்கிரிப்டின் உரிமை சரியாக இருக்கும், ஆனால் அது கிடக்கும் அடைவுக்கு (ஃபோல்டருக்கு) எக்ஸ் இருக்காது. அடைவில் எக்ஸ் என்றால் இயக்குவது அல்ல, ஊடாகக் கடந்து போவது. லத்தீன் வேரின் பொருள் இங்கே அப்படியே நிற்கிறது. கடவுச்சீட்டு, கடவுச்சொல் என்று நமக்கு ஏற்கெனவே இருப்பதால் இதைக் 'கடவுரிமை' என்று தனியாகப் பிரித்துச் சொல்லலாம். 'நேம்ஐ -எல்' கட்டளைக்குக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால், ஒவ்வொரு அடைவின் உரிமையையும் வரிசையாகக் காட்டும். எந்தப் படியில் அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையா? அந்த வட்டுப்பகுதியே 'நோஎக்ஸெக்' என்று, அதாவது எதையும் நேரடியாக இயக்க விடாத வகையில், ஏற்றப்பட்டிருக்கலாம்.

சுடோ போட்டும் தோற்கும் ஓர் இடம் உண்டு. 'சுடோ எக்கோ' என்று தொடங்கி (எக்கோ, கொடுத்த எழுத்தை அப்படியே வெளியிடும் கட்டளை), வெளியீட்டை '>' குறியால், கணினியின் அமைப்புகள் இருக்கும் ஈடிசி அடைவிலுள்ள கோப்புக்குத் திருப்பினால் பெர்மிஷன் டினைட்தான் வரும். கோப்பைத் திறப்பது ஷெல், அதாவது பாஷ் போன்ற கட்டளை வாங்கும் நிரல். அது இன்னும் உங்கள் சாதாரணக் கணக்கில் இருக்கிறது. சுடோ உயர்த்தியது எக்கோவை மட்டும். வெளியீட்டை '|' வழியாக, வந்ததைக் கோப்பில் எழுதும் டீ கட்டளைக்கு, 'சுடோ டீ' என்று அனுப்பினால் வேலை முடியும். அப்புறம், ஒரு ஸ்கிரிப்டை அவசரத்துக்கு சுடோவில் ஓட்டினால் அது உருவாக்கும் கோப்புகள் ரூட் என்னும் நிர்வாகிக் கணக்கின் பெயரில் நின்றுவிடும். மறுநாள் அதையே உங்கள் கணக்கில் ஓட்டும்போது எழுத முடியாமல் நிற்கும். அப்போது மாற்ற வேண்டியது உடைமையை.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு செய்தி 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'. பெர்மிஷன் டினைட் லினக்ஸில் 13-ஆம் எண் பிழை. இது 1-ஆம் எண். அடுத்தவர் கோப்பில் சிஎச்மாட் செய்தாலும், உங்கள் கோப்பைச் சிஎச்ஓனால் இன்னொருவர் பெயருக்கு மாற்றப் பார்த்தாலும் வருவது இதுதான். அந்த ஒன்பது எழுத்துகளை எப்படி மாற்றினாலும் இது தீராது. அந்தச் செயலே உடையவருக்கோ ரூட்டுக்கோ ஒதுக்கப்பட்டது. நிர்வாகியிடம் போய்க் கேட்கத்தான் வேண்டும். அனுமதி என்ற சொல்லை இந்தச் செய்திக்கு வைத்துக்கொள்ளலாம்.