சொல் விளக்கம்: சுவட்டு உலோகம்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் 'நுண்ணூட்டம்' என்றால், உரக்கடையில் கேட்டு வாங்கும் ஜிங்க் சல்பேட்தான் முதலில் நினைவுக்கு வரும். ஏக்கருக்கு 10 கிலோ என்று மணலோடு கலந்து நடவு வயலில் தூவுவார்கள். அதிலுள்ள ஜிங்க், அதாவது துத்தநாகம், நம் உடம்பிலும் 2 முதல் 3 கிராம் வரை இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எலும்பில் தங்கியிருக்கிறது. எலும்பில் இப்படிச் சொற்ப அளவில் இருக்கும் துத்தநாகம், செம்பு, ஸ்ட்ரோன்ஷியம், காரீயம், காட்மியம் போன்றவற்றை ஆய்வாளர்கள் 'டிரேஸ் மெட்டல்' என்கிறார்கள். தமிழில் நுண்ணூட்டம், அருந்தனிமம், கன உலோகம் என்று ஆளுக்கொரு பெயரில் எழுதுகிறோம். என் தேர்வு சுவட்டு உலோகம்.

முதலில் 'டிரேஸ்'. இழுத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. இழுத்துச் சென்ற தடம், அப்புறம் நடந்து போனவரின் தடம், கடைசியில் மிச்சமாய்த் தெரியும் அடையாளம் என்று பொருள் நகர்ந்தது. பழைய வேதியியலாளர்கள் ஒரு பொருளைப் பகுத்துப் பார்க்கையில், ஓர் உலோகம் இருப்பது தெரிந்தும் அதை நிறுத்துச் சொல்ல முடியாவிட்டால், அளவு எழுத வேண்டிய இடத்தில் 'டிரேஸ்' என்று குறித்தார்கள். இன்றைய கருவிகள் நூறு கோடியில் ஒரு பங்கைக்கூட அளந்துவிடும்; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பகுப்பாய்வு வேதியியலில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பதை இப்படி அழைப்பது வழக்கம். எலும்பில் துத்தநாகம் சில சமயம் இந்தக் கோட்டைத் தாண்டும். ஆனாலும் அதை இந்தக் கூட்டத்திலேயே வைத்துப் பேசுகிறார்கள்.

நம்மிடம் 'சுவடு' இருக்கிறது. ஆள் போய்விட்டாலும் அவர் போனது தெரிகிறதே, அதுதான் சுவடு. முரடு 'முரட்டுக்காளை' ஆவது போல, கயிறு 'கயிற்றுக்கட்டில்' ஆவது போல, சுவடும் 'சுவட்டு உலோகம்' ஆகும். 'சுவடு உலோகம்' என்று இரண்டையும் ஒட்டாமல் நிறுத்த வேண்டியதில்லை.

உலோகம் வடமொழியின் 'லோஹ' என்ற சொல்லிலிருந்து வந்தது. அங்கே முதலில் செம்பையும் பிறகு இரும்பையும் குறித்துப் பின்னர் பொதுப்பெயர் ஆனது. தமிழில் மாழை என்ற பழஞ்சொல் உண்டு. 'பொன்' என்பதும் பொதுப்பெயராக வழங்கியதுதான். சுவாமிமலையில் காவிரி வண்டலில் அச்செடுத்து வார்க்கும் ஐம்பொன் சிலையின் பெயரில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. 'சுவட்டு மாழை' என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் படிப்பவருக்கு அதன்பின் இன்னொரு விளக்கம் வேண்டியிருக்கும். அதனால் உலோகம் இருக்கட்டும்.

மற்ற பெயர்கள் ஏன் சரிப்படாது? நுண்ணூட்டம் என்றால் அது ஊட்டமாக இருக்க வேண்டும். காரீயம் யாருக்கும் ஊட்டமில்லை. கன உலோகம் என்றால் நஞ்சு என்ற எண்ணம் வந்துவிடுகிறது; எலும்பின் நார்ப்புரதம் இறுக்கமாகப் பிணைய செம்பு தேவை, அதை நஞ்சோடு சேர்த்து எப்படி எழுதுவது? ஸ்ட்ரோன்ஷியமோ கனமே இல்லாத உலோகம். 'அரு' என்று தொடங்கினால் 'ரேர் எர்த்' எனப்படும் அருமண் தனிமங்களோடு குழப்பம் வரும். சுவடு என்ற சொல் நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. இருக்கிறது, கொஞ்சமாக இருக்கிறது, எங்கிருந்தோ வந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

எங்கிருந்து வந்தது என்பதுதான் எலும்பில் முக்கியமான கேள்வி. வளர்ந்தவர் உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. காரீயமும் ஸ்ட்ரோன்ஷியமும் கால்சியத்தின் அதே மின்சுமையும் ஏறக்குறைய அதே பருமனும் கொண்டவை. அதனால் எலும்பின் கனிமப் படிகத்துக்குள் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. உடம்பில் புகுந்த காரீயம் ரத்தத்தில் ஒரு மாதம்போலப் போனால் பாதியாகிவிடும். கெட்டியான எலும்பில் பாதியாவதற்குப் பத்து, இருபது ஆண்டுகள், அதற்கு மேலும் ஆகும். வளர்ந்தவர் உடலில் உள்ள காரீயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான். ரத்தப் பரிசோதனை அண்மை மாதங்களின் கதையைச் சொல்லும். எலும்பு பல ஆண்டுக் கதையைச் சொல்லும்.

இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில்தான் நாடு முழுக்க நின்றது. அதற்கு முன் பேருந்து நிலையத்தையோ நெடுஞ்சாலையையோ ஒட்டி வளர்ந்த பெண்ணின் எலும்பில் அந்தப் புகையின் சுவடு இருக்கலாம். கருவுற்றிருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் பிள்ளைக்காக உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கிறது; பழைய காரீயமும் கூடவே கிளம்பி வருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயும்போதும் இதுவே நடக்கிறது. தாய்க்குக் கால்சியம் போதுமான அளவு கிடைத்தால் இந்தக் கசிவு குறையும். கருவுற்றவருக்குக் கேழ்வரகும் கீரையும் தலையோடு தின்னும் சிறுமீனும் கொடுப்பதற்கு இது கூடுதல் காரணம்.

'ஈயம்' என்ற சொல்லையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளீயமும் காரீயமும் முற்றிலும் வேறு உலோகங்கள், பேச்சில் இரண்டும் ஈயமே. கும்பகோணம் ஈயச்சொம்பில் வைக்கும் ரசத்தின் மணத்தை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், நானும்தான். அந்தச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். விலை மலிவு என்று காரீயம் கலந்துவிட்டால், புளியின் அமிலம் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போதும் அதே கவனம் வேண்டும். கண்ணால் பார்த்து இந்தக் கலப்பைக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். மஞ்சள்தூளில் நிறம் ஏற்றச் சேர்க்கும் காரீயக் குரோமேட்டும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் வருவதே. விரலி மஞ்சள் வாங்கி வீட்டில் அரைப்பதை நம்புகிறேன். வீட்டுக்கு அடிக்கும் பெயின்டில் காரீயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய சன்னலைச் சுரண்டும்போது குழந்தைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள்.

காட்மியத்தின் வழி வேறு. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை இழுத்து இலையில் சேர்க்கிறது. புகைப்பவர் உடலில் காட்மியம் புகைக்காதவரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். வெற்றிலை சீவலோடு ஒரு துண்டுப் புகையிலை சேர்ப்பவர் வாயிலும் அந்த இலையே போகிறது. காட்மியம் முதலில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதன் பிறகு கால்சியம் வீணாகி எலும்பு மெலியும்.

நெல் விளையும் நாட்டில் இதைக் கூடுதலாகப் பேச வேண்டும். ஜப்பானின் டொயாமா பகுதியில் ஜின்சூ ஆற்றில் கலந்த சுரங்கக் கழிவின் காட்மியம் வயலுக்குப் பாய்ந்து, அரிசி வழியாக மக்களின் எலும்பை முறித்தது. வலி தாளாத அலறலே அந்த நோய்க்கு இடாய்-இடாய் என்ற பெயராயிற்று. 1968-இல் ஜப்பான் அரசு அதைச் சூழல் மாசு நோயாக ஏற்றது. வயலில் நீர் நிற்கும்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும்; வயல் காயும்போது கரைந்து பயிருக்குள் ஏறும். ஆர்செனிக் என்ற நஞ்சு இதற்கு நேர்மாறு. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது காவிரித் தண்ணீரை மிச்சப்படுத்தும் நல்ல முறை, அதை விடச் சொல்லவில்லை. ஆலைக்கழிவோ சாக்கடையோ சேரும் வாய்க்காலை நம்பிய வயலில் மண்ணைச் சோதித்துவிட்டு அதைச் செய்யலாம்.

அகழாய்வில் கிடைக்கும் எலும்பிலும் இதே உலோகங்களைத் தேடுகிறார்கள். ஆனால் புதைந்த எலும்பு ஈரமண்ணிலிருந்து தானாகவே உலோகங்களை உறிஞ்சும். டெல்டாவின் ஈரக் களிமண்ணில் அதற்கு வாய்ப்பு அதிகம். அங்கே கண்டது அந்த மனிதர் உண்ட சோற்றின் சுவடா, அவரைப் புதைத்த மண்ணின் சுவடா என்று பிரித்தறிய வேண்டும். அதற்காகச் சுற்றியிருக்கும் மண்ணையும் சேர்த்து அளக்கிறார்கள். முடிந்தால், எளிதில் மாறாத பல் எனாமலை எடுத்துக்கொள்கிறார்கள்.