உப்பக் குறைச்ச ஊறுகா ஷெல்ஃபுல நிக்காது

போன மாசம் எங்க தாமான்ல, அதான் எங்க குடியிருப்புல, மூணாவது வீட்டு ஆண்ட்டி ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலத் தூக்கிட்டு வந்தாங்க. உள்ள மாங்கா ஊறுகா, மேல வெள்ளையா ஆடை மாதிரி படிஞ்சிருக்கு, மூடியத் தொறந்தா புஸ்ஸுன்னு காத்து, கூடவே கள்ளு வாசம். "எங்கம்மா போட்ட மாதிரிதாம்மா நானும் இத்தன வருஷமா போடுறேன், இந்தத் தடவ மட்டும் ஏன் இப்பிடி ஆச்சு"ன்னு கேட்டாங்க. என்ன மாத்துனீங்கன்னு கேட்டா ஒண்ணுமே மாத்தலன்னாங்க. அப்பறம் உக்கார வச்சு டீ குடுத்து மெல்லப் பேச்சுக் குடுத்தா, அங்கிளுக்கு பிரஷராம், கிளினிக்ல உப்பக் குறைக்கச் சொல்லிட்டாங்களாம், அதனால இந்த வருஷம் உப்பு பாதிதான் போட்டாங்களாம், எண்ணெயும் கொஞ்சம் கொறைச்சுட்டாங்களாம், மத்தபடி எல்லாம் அம்மா போட்ட மாதிரியேதானாம்.

நான் மலேசியாவுல, பினாங்கு பக்கம் பிறையில ஒரு சாப்பாட்டு ஃபேக்டரியில கியூசி வேலையில, அதான் தரம் பாக்குற வேலையில, 14 வருஷமா இருக்கேன். அதனால புக்கிட் மெர்தாஜாம்ல எங்க வரிசையில யார் வீட்டுல எந்த பாட்டில் பொங்கினாலும் அது நம்ம வீட்டு வாசலுக்குத்தான் வரும். கோவிட் நேரத்துல எல்லாரும் வீட்டுக்கு முன்னால பின்னால செடி வச்சாங்க இல்லையா, அதுல பாதிப் பேர் இன்னும் விடல, சில்லி பாடிங்கிற குட்டிக் கார மொளகா, பாகற்கா, முருங்க, பப்பாளி, எலுமிச்சன்னு காய்ச்சுத் தள்ளுது, பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுத்தும் மிச்சம், சரி பாட்டில்ல போட்டு வைப்போம்னு ஆரம்பிக்கிறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா நான் பாக்குற கெட்டுப்போன பாட்டில்ல முக்காவாசி அழுக்கால கெட்டது இல்ல, பழைய ரெசிப்பில ஒண்ண மட்டும் உருவி எடுத்ததால கெட்டது.

ஊறுகால உப்பு ருசிக்கு இல்லங்க. ஒரு கிலோ மாங்காக்கு 150லேர்ந்து 200 கிராம் வரைக்கும் உப்பு போட்டாங்கன்னா, அந்த உப்பு காயிலேர்ந்து தண்ணிய இழுத்து, மிச்சம் இருக்கிற தண்ணியையும் கிருமி குடிக்க முடியாதபடி புடிச்சு வச்சுக்கும், அதுக்குத்தான். அத 80 கிராமாக்கிட்டு அதே மாதிரி அடுப்பு மேடையில வச்சா ஈஸ்ட்டுக்கு விருந்து. ஆண்ட்டி பாட்டில்ல இருந்த வெள்ள ஆடையும் ஈஸ்ட்டாத்தான் இருக்கணும், அது நேரா ஆளக் கொல்லாது, ஆனா அது புளிப்பத் தின்னுடும், புளிப்பு கொறைஞ்சதும் வேற சாமான்லாம் உள்ள வரும், அதான் பயம். மேல இருக்கிறத வழிச்சுட்டு கீழ இருக்கிறதச் சாப்பிடலாமான்னு கேட்டாங்க. வேணாம் ஆண்ட்டின்னுட்டேன். இன்னொண்ணு, உப்ப கிண்ணத்துல அளக்காதீங்க, ஒரு கிண்ணம் பொடி உப்பு ஒரு கிண்ணம் கல் உப்ப விட கனம் அதிகம், தராசுல வச்சு கிராம்ல போடுங்க.

இப்ப உப்பு கொறைவா வேணும்னா வழியே இல்லையான்னா, இருக்கு, ஃபிரிட்ஜ். உப்பு செஞ்ச வேலைய அங்க குளிரு செய்யும். சின்னச் சின்ன பாட்டிலாப் போட்டு நாலு டிகிரில வச்சு ரெண்டு மூணு வாரத்துல முடிச்சுடுங்க. வெளிய வைக்கணுமா, பாட்டி அளவுல உப்பு போடணும், அத விட்டா வேற பேச்சில்ல.

அடுத்தது புளிப்பு. எங்க வேலையில 4.6ங்கிற நம்பர ஜாதகம் மாதிரி மனப்பாடம் பண்ணி வச்சிருப்போம். பிஹெச்னா புளிப்ப அளக்கிற நம்பர், நம்பர் கொறையக் கொறைய புளிப்பு ஜாஸ்தி. பிஹெச் 4.6க்குக் கீழ இருந்தா போட்டுலினம்ங்கிற பாக்டீரியா வளராது, மேல இருந்தா வளர வாய்ப்பிருக்கு. எலுமிச்ச ரெண்டு, ரெண்டரை, பச்ச மாங்கா மூணு கிட்ட, லிமாவ் கஸ்தூரிங்கிற குட்டி எலுமிச்சையும் நல்ல புளிப்பு, இதெல்லாம் தானாவே கோட்டுக்குக் கீழதான். தக்காளி கோட்டு மேலயே உக்காந்திருக்கும். பாகற்கா, வெண்டக்கா, முருங்க, சில்லி பாடி, பூண்டு இதெல்லாம் மேல. பழுத்த பப்பாளியும் மேலதான், பழம்னாலே புளிப்புன்னு நெனச்சு ஏமாந்துடாதீங்க, பப்பாளி ஜாம் கிண்டுறப்ப எலுமிச்ச சாறு ஊத்தாம எறக்கவே எறக்காதீங்க.

பூண்டு எண்ணெய் பத்தித்தான் எனக்கு ரொம்ப ஆத்திரம். தோட்டத்து சில்லி பாடி, பச்சப் பூண்டு, ரெண்டையும் நசுக்கி எண்ணெயில முக்கி அழகா பாட்டில்ல போட்டு, அடுப்புக்குப் பக்கத்துலயே மாசக்கணக்கா வச்சிருப்பாங்க, பாக்க நல்லாத்தான் இருக்கும். முன்ன சொன்ன போட்டுலினம் பாக்டீரியா மண்ணுல இருக்கிறது, மண்ணுல வெளைஞ்ச எதுலயும் அதோட விதை ஒட்டிட்டு வரும், ஸ்போர்னு சொல்லுவோம், கழுவினாலும் முழுசாப் போகாது, கொதிக்கிற தண்ணி 100 டிகிரில அது சாகாது, 121 டிகிரி வேணும். காத்து இருக்கிற இடத்துல அது சும்மா தூங்கும். எண்ணெய ஊத்தி காத்த அடைச்சு, புளிப்பும் இல்லாம, நம்ம ஊரு சூட்டுல வச்சீங்கன்னா அது முழிச்சுக்கும். முழிச்சு அது விடுற விஷம் உலகத்துலயே மோசமான விஷங்கள்ல ஒண்ணு, வாசம் வராது, நெறம் மாறாது, ருசியும் தெரியாது. 1985ல கனடாவுல வான்கூவர்ல ஒரு ரெஸ்டாரண்டுல சாப்பிட்ட 36 பேருக்கு இது வந்துச்சு, காரணம் எண்ணெயில போட்ட பூண்டு பாட்டில், ஃபிரிட்ஜுல வைக்காம வெளிய வச்சிருந்திருக்காங்க. மொதல்ல கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியும், இமை தொங்கும், நாக்கு கொழறும், முழுங்க முடியாது, அப்பறம் மேலேர்ந்து கீழ கை கால் விழும், மூச்சுல வந்து நிக்கும். நான் ஒரு கேஸும் நேர்ல பாத்ததில்ல, பாக்கவும் வேணாம். இந்த மாதிரி ஆச்சுன்னா காத்திருக்காம எமர்ஜென்சிக்குப் போங்க, என்ன சாப்பிட்டீங்கன்னு டாக்டர்கிட்ட மறக்காமச் சொல்லுங்க. பூண்டெண்ணெய் வேணும்னா கொஞ்சமாச் செஞ்சு ஃபிரிட்ஜுல நாலு நாள், இல்ல ஐஸ் டிரேயில ஊத்தி ஃபிரீசர்ல.

வீட்டுக் குக்கர்ல பாட்டில வச்சு நாலு விசில் விட்டு எடுத்தா வருஷக்கணக்கா தாங்கும்னு ஒரு வீடியோ சுத்திட்டிருக்கு. அத நம்பாதீங்க, பாட்டிலுக்கு நடுவுல சூடு போய்ச் சேர்ந்துச்சான்னு விசில் சொல்லாது. அதுக்குன்னு கேனர்னு பாட்டில அழுத்தத்துல வேக வைக்கிற பெரிய பாத்திரம் இருக்கு, காய்க்கு ஏத்த நேரக் கணக்கு இருக்கு, அது இல்லாம பாகற்காயையும் முருங்கக்காயையும் பாட்டில்ல அடைக்கிறது வேணாம்.

பிஹெச் பேப்பர் வாங்கி வச்சிருக்கேன்னு சில பேர் சொல்றாங்க, நல்லது, ஆனா நம்ம ஊறுகால மொளகாத்தூளு அந்தப் பேப்பரையே செவப்பாக்கிடும், நெறத்த வச்சு என்னத்தக் கண்டுபுடிக்கிறது. வித்து சம்பாரிக்கிறவங்க ஒரு மீட்டர் வாங்கிடுங்க, பிஹெச் நாலு, ஏழுன்னு வர்ற பஃபர்ங்கிற அளவுத் தண்ணியில அப்பப்ப சரி பாத்துக்கணும். வெள்ளரிக்கா அச்சார் போடுறவங்க வினிகர் பாட்டில்ல எத்தன சதவீதம்னு பாருங்க, அஞ்சு இருக்கணும், புளிக்குதுன்னு பாதிக்குப் பாதி தண்ணி ஊத்துனா நீங்க போட்டது அச்சார் இல்ல, காய் சாலட், ஃபிரிட்ஜுல வச்சு சீக்கிரம் தின்னுடுங்க.

வத்தலுக்கு வருவோம். தமிழ்நாட்டுல சித்திர வெயில்ல மொட்ட மாடியில காய வச்ச ரெசிப்பிய அப்பிடியே இங்க தூக்கிட்டு வந்தா எப்பிடி, பினாங்குல காத்துல ஈரம் பாதி நாள் 80 சதவீதத்துக்கு மேல, காலையில மோர் மொளகாயக் காயப் போட்டா சாயங்காலம் மழைக்கு அள்ளிட்டு ஓடுறோம், அடுத்த நாள் மறுபடி, மூணாவது நாள் காம்புக்கிட்ட பச்சையா பூசணம். தட்டி விட்டுட்டு எண்ணெயில பொரிச்சா போயிடும்னு நெனைக்காதீங்க. சில பூசணம் அஃப்லாடாக்சின்னு ஒரு விஷம் விடும், அது பொரிச்சாலும் போகாது, கல்லீரலத் தாக்கும். 1988ல பேராக்ல லோ ஷீ ஃபன்ங்கிற அரிசி மீ சாப்பிட்டு 13 சின்னப் புள்ளைங்க செத்துப்போச்சுங்க, அதுக்குக் காரணம் இந்த விஷம்தான்னு சொன்னாங்க, என் வயசுக்காரங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். அதனால வெயில நம்பாதீங்க, 60 டிகிரில ஓவன் இல்ல டிரையர், ஒடிச்சா பட்டுன்னு ஒடியணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்கு. காஞ்சதும் கண்ணாடி பாட்டில்ல போட்டு ஒரு வாரம் கண்ணுல படுற எடத்துல வைங்க, கண்ணாடியில ஆவி படிஞ்சா மறுபடி டிரையருக்கு.

உண்மையச் சொன்னா நான் வீட்டுல பெரும்பாலும் ஃபிரீசர்தான். சில்லி பாடியக் கழுவித் தொடச்சு காம்போட அப்பிடியே பையில. கருவேப்பிலையும் அப்பிடியே. முருங்கக்கீரைய மட்டும் கொதிக்கிற தண்ணியில ஒரு நிமிஷம், நீட்டு பீன்ஸ்னா மூணு நிமிஷம் போட்டு, ஒடனே ஐஸ் தண்ணியில முக்கி, பிழிஞ்சு வைக்கணும், இல்லன்னா உள்ள இருக்கிற என்சைம் ஃபிரீசர்லயும் மெதுவா வேல செஞ்சு ரெண்டு மாசத்துல வைக்கோல் ருசி வந்துடும். ஒத்தக் கதவு ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கிற குட்டி ஐஸ் பொட்டிய நம்பாதீங்க, அது பெரும்பாலும் மைனஸ் 18 போகாது.

பினாங்கு சௌரஸ்தா மார்க்கெட்ல விக்கிற ஜெருக், அதான் ஊற வச்ச பழம், மாதிரி வீட்டுல பிலிம்பியில செய்யலாமான்னு நெறைய பேர் கேக்குறாங்க, அதான் பெலிம்பிங் பூலோ, ஒரு மரம் இருந்தா தெருவுக்கே காய்க்கும். ஊறுகா போடுங்க, தாராளமா, புளிப்புக்குக் கொறைச்சலே இல்ல. ஆனா கொழுப்பு கொறையும்னு அதப் புழிஞ்சு டம்ளர் டம்ளராக் குடிக்காதீங்க, அதுல ஆக்சலேட் ரொம்ப, அப்பிடிக் குடிச்சு கிட்னி கெட்டுப்போனவங்க இருக்காங்க. டயாலிசிஸ் போறவங்க வீட்டுல ஸ்டார் ஃபுரூட்டும் வேணாம், பிலிம்பியும் வேணாம்.

கெட்டுப்போச்சோன்னு சந்தேகம் வந்தா நாக்கு நுனியில வச்சுப் பாக்குற பழக்கத்த விடுங்க. பாட்டிலோட பிளாஸ்டிக் பையில கட்டி குப்பையில போடுங்க, பூனை நாய் எட்டாத மாதிரி.

ஆண்ட்டியோட கதைய முடிச்சுடுறேன். மரத்துல இன்னும் காய் இருந்துச்சு, ரெண்டு பேரும் உக்காந்து ரெண்டு வகையாப் போட்டோம், ஒரு பெரிய பாட்டில் முழு உப்போட ஷெல்ஃபுக்கு, நாலு சின்ன பாட்டில் பாதி உப்போட ஃபிரிட்ஜுக்கு, தேதி போட்டு அங்கிள் பேரையும் எழுதி ஒட்டியாச்சு. நேத்து கேட்டா ஃபிரிட்ஜுல நாலும் அப்பிடியே இருக்காம், ஷெல்ஃபுல இருக்கிற பாட்டில்தான் கால்வாசி கொறைஞ்சிருக்காம்.