ஜோன்னா மண்டலமா, வளையமா, இல்ல நிலப்பயனா?

மேற்கு மாம்பலத்துல எங்க தெருவுக்குப் பின்னாடி தெருவுல ஒரு பழைய தனி வீடு, ரெண்டு கிரவுண்டு இருக்கும், கிணறு, ரெண்டு தென்னை மரம், அத வித்துட்டாங்க. வாங்கினவங்க கடையும் ஆபீஸும் வர்ற மாதிரி கட்டப்போறாங்கன்னு பேச்சு, அதுக்காக ஒரு தமிழ் பேப்பர்ல கீழ் மூலைல குட்டியா ஒரு அறிவிப்பு வந்திருந்தது. எங்க ஃபிளாட்டு செகண்ட் ஃப்ளோர் அங்கிள் அத வெட்டி எடுத்துட்டு அசோசியேஷன் மீட்டிங்குக்கு வந்தார். படிச்சுப் பாத்துட்டு ஒரு அக்கா கேட்டாங்க, "அங்கிள், நம்ம ஏரியா என்ன ஜோன்?" அவர் உடனே, "ஜோன் பத்தும்மா, கோடம்பாக்கம்"னார். எல்லாரும் தலையாட்டினோம். அப்பறம் இருபது நிமிஷம் பேசி, மண்டல ஆபீஸ்ல போய் மனு குடுக்கறதுன்னு முடிவும் பண்ணியாச்சு.

ஆனா அக்கா கேட்டது அந்த ஜோன் இல்ல. மாநகராட்சி பிரிச்சு வெச்சிருக்கற 15 மண்டலத்துல நாங்க பத்தாவது, அது குப்பை, வீட்டு வரி, தெரு விளக்குக்கு. அறிவிப்புல இருந்தது வேற, இந்த மனைய எதுக்குப் பயன்படுத்தலாம்னு சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மேப்புல கலர் அடிச்சு வெச்சிருக்காங்களே அந்த ஜோன். ஆட்சேபம் சொல்ல நாலே நாள் பாக்கி, அந்த நேரத்துல ஒரு சொல் குழப்பினதால தப்பான ஆபீஸுக்குக் கிளம்பியிருப்போம். அன்னிக்கு ராத்திரியே இந்தச் சொல்ல உக்காந்து தோண்ட ஆரம்பிச்சேன்.

ஜோன் கிரேக்கச் சொல். அங்க அது ஸோனே, அர்த்தம் இடுப்புல கட்டற கச்சை, அதாவது பெல்ட். பூமிய வெப்ப பெல்ட், மித வெப்ப பெல்ட், குளிர் பெல்ட்னு பழைய கிரேக்கக்காரங்க பிரிச்சதுக்கு இந்தச் சொல்லத்தான் வெச்சாங்க, லத்தீன் வழியா ஐரோப்பா பூரா போச்சு. ஊர் கட்டறதுக்குள்ள இந்தச் சொல் வந்தது ஜெர்மனிலதான். 1891-ல ஃபிராங்க்ஃபர்ட் நகரம், ஊர் நடுவுல இவ்ளோ உயரம் கட்டலாம் இவ்ளோ நெருக்கமா கட்டலாம், வெளில போகப் போக கம்மியா கட்டணும்னு விதி போட்டுது. நடு ஊரு, அதச் சுத்தி வெளி ஊருன்னு பாத்தா பெல்ட்டுங்கற அர்த்தம் அங்க அப்படியே பொருந்துது. அடுத்து அமெரிக்கா. நியூயார்க்ல 1915-ல ஈக்விடபிள் பில்டிங்னு ஒண்ணு மனையோட ஓரம் வரைக்கும் நேரா செங்குத்தா எழும்பி சுத்தி இருந்த தெருவெல்லாம் நிழல்ல போட்டுடுச்சு, அது வந்த சூட்டோட 1916-ல ஊர் முழுக்க ஜோனிங் விதி வந்தது. பக்கத்து வீட்டுக்கு வெயிலும் காத்தும் வரணும்ங்கறதுதான் இந்தச் சட்டத்தோட அடிப்படை, இத நம்ம ஊர்ல எதிர்ப்பு சொல்றவங்க மறக்கக்கூடாது.

அதே சொல்லுக்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. 1910-ல பால்டிமோர் நகரத்துல கறுப்பின மக்கள் எந்தத் தெருவுல குடியிருக்கலாம்னே சட்டம் போட்டாங்க. 1917-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மாதிரி சட்டம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. நமக்கும் இது தூரத்துக் கதை இல்ல, இந்தப் பட்டணமே கோட்டைக்குள்ள வெள்ளையர் நகரம் வெளில கறுப்பர் நகரம்னுதான ஆரம்பிச்சது.

சரி, தமிழ்ல என்னன்னு வருவோம். மொதல்ல எல்லாருக்கும் தோணறது மண்டலம். இது வடமொழிலேர்ந்து வந்தது, வட்டம்னு அர்த்தம். தொண்டைமண்டலம், சோழமண்டலம்னு நாட்டுப் பிரிவுக்கு ஆயிரம் வருஷமா ஓடிட்டிருக்கு, சோழமண்டலம்தான் வெள்ளக்காரன் வாய்ல கோரமண்டலம் ஆச்சு. சித்த வைத்தியர் கிட்ட போனா ஒரு மண்டலம் சாப்பிடுங்கன்னா 48 நாள். இவ்ளோ வேலை ஏற்கெனவே பாக்கற சொல்லு மேல இன்னொரு மூட்டைய ஏத்தினா என்ன ஆகும், எங்க மீட்டிங்ல ஆன மாதிரிதான் ஆகும். நிர்வாகப் பிரிவுக்கு மண்டலம் ரொம்பப் பொருத்தம், அங்கயே இருக்கட்டும். வலயம்னு சிலர் எழுதறாங்க, வளையல் மாதிரி சுத்தி வர்றது, கிரேக்க பெல்ட்டுக்கு நேர் அர்த்தம்னு பாத்தா இதுதான் கிட்ட வருது, ஆனா மாம்பலத்துல ஒரு வீட்டுக்கு பச்சை கலர் பக்கத்து வீட்டுக்கு நீலம்னு இருக்கற மேப்புல வளையம் எங்க இருக்கு?

இன்னும் சில பேர் திணைன்னு வைக்கலாம்ங்கறாங்க. கேக்க ஆசையாதான் இருக்கு. ஆனா குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல்ங்கறது நிலம் தானா எப்படி இருக்குங்கறத வெச்சு. மலை மலைதான், கடல் கடல்தான், யாரும் கெஜட்ல போட்டு மருதத்த நெய்தலா மாத்த முடியாது. ஜோனிங் அப்படி இல்ல, அது மனுஷன் போடற உத்தரவு, நாளைக்கே மாறும். அதனால திணை வேணாம்னுதான் என் கருத்து.

நம்ம ஊர்ப் பேருங்கள்லயே இதுக்கான சொல்லு கொட்டிக் கிடக்குன்னு தோண்டும்போதுதான் தெரிஞ்சது. சிலப்பதிகாரத்துல புகார் நகரத்த மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம்னு ரெண்டாப் பிரிச்சிருக்கும், கடலோரம் மீனவர், கைவினைக்காரர், வியாபாரி எல்லாம் மருவூர்ப்பாக்கம், அரச வீதியும் பெரிய வணிகர் வீதியும் பட்டினப்பாக்கம், ரெண்டுக்கும் நடுவுல நாளங்காடி, மரத்தடில. நம்ம நுங்கம்பாக்கம் கோடம்பாக்கத்துல ஒட்டிட்டிருக்கற பாக்கம் அதே சொல்தான். தாங்கல்னா சின்ன ஏரி, பழவந்தாங்கல்னு பேர் இருந்தா அங்க தண்ணி நின்ன இடம் ஒண்ணு இருந்திருக்கு. பேட்டைன்னா தொழில் செய்யறவங்க சந்தையோட சேந்து குடியிருக்கற இடம், 1734-ல நெசவாளருங்கள குடியேத்தி உருவாக்கின சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை. இந்தப் பேட்டை மட்டும் இன்னும் உயிரோட அரசாங்க பாஷைல இருக்கு பாருங்க, 1958-ல கிண்டில வந்ததுக்கு தொழிற்பேட்டைன்னுதான் பேர் வெச்சாங்க. எனக்குத் தெரிஞ்சு ஜோனிங்குக்கு நாம பண்ணின மொழிபெயர்ப்புலயே உருப்படியான ஒண்ணு அதுதான், அதுல மொழிபெயர்ப்பு வாசனையே இல்ல.

ரெவின்யூ கணக்குல பாத்தீங்கன்னா இன்னும் தெளிவு. நஞ்சை, புஞ்சை, நத்தம், மேய்க்கால், களம், மயானம், ஏரி உள்வாய். ஒவ்வொண்ணும் அந்த நிலத்துல என்ன பண்ணலாம் என்ன பண்ணக்கூடாதுன்னு ஒரே வார்த்தைல சொல்லிடுது. நத்தம்னா ஊர் ஜனம் வீடு கட்டற இடம். புறம்போக்குன்னா வரி போடற கணக்குக்குப் புறத்தே போனது, யாருக்கும் சொந்தமில்லாம எல்லாருக்கும் பொதுவானது, ஏரி, ஓடை, மந்தை, பாதை எல்லாம் அதுல அடங்கும், அந்தச் சொல்ல ஒருத்தர திட்டறதுக்குப் பயன்படுத்தற அளவுக்கு நாம கீழ எறக்கிட்டோம், அந்த நிலத்தையும் அதே மாதிரிதான் நடத்தினோம். ராஜராஜன் காலத்து தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுலயே ஒரு ஊரோட மொத்த நிலத்த சொல்லிட்டு அதுல நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இதெல்லாம் கழிச்சுதான் வரி நிலத்த சொல்வாங்க. அந்தக் கழிவுல பறைச்சேரின்னும் தனியா எழுதியிருக்கும். ஆக நிலத்த வகை பிரிக்கறதும் மனுஷன ஒதுக்கறதும் நம்ம ஊர்லயும் சேந்தேதான் நடந்திருக்கு, அத மறைச்சுட்டு பழம்பெருமை மட்டும் பேசறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

இப்ப இருக்கற ஏற்பாடு எங்கேர்ந்து வந்ததுன்னா, 1920-ல மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம், அதோட புள்ளைதான் நம்ம தி.நகர். மாம்பலம் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேந்து நீளமா கிடந்தத லாங் டேங்க்னு சொல்வாங்க, அதத் தூர்த்து மனை போட்டாங்க. மேற்கு மாம்பலத்துல இன்னும் லேக் வியூ ரோடுன்னு இருக்கு, வியூ இல்ல, லேக்கும் இல்ல, 2021 நவம்பர் மழைல தண்ணி மட்டும் வழி தெரிஞ்சு வந்துடுச்சு. அப்பறம் 1971-ல தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1975-ல சென்னைக்கு முதல் மாஸ்டர் பிளான், 2008 செப்டம்பர்ல ரெண்டாவது. மாஸ்டர் பிளானுக்கு அரசாங்கத் தமிழ் முழுமைத் திட்டம். அந்த ரெண்டாவது திட்டத்துலதான் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம்னு வகை வகையா பிரிச்சு ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒண்ணு குடுத்திருக்கு. உங்க சர்வே நம்பர் தெரிஞ்சா சி.எம்.டி.ஏ. வெப்சைட்லயே பாக்கலாம். இதுக்கு மேல தனியா, செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்பு, திருவான்மியூர் தாண்டி கடலோரமா நிலத்தடி நீர் ஊறற பகுதி, பள்ளிக்கரணை சதுப்புன்னு கூடுதல் கட்டுப்பாடும் உண்டு. பள்ளிக்கரணை 2022-ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, வந்தாச்சு, சுமார் 1,248 ஹெக்டேர், ஒரு காலத்துல அது எத்தனை மடங்கு பெருசா இருந்ததுன்னு வேளச்சேரி பெரியவங்கள கேளுங்க.

இந்தத் திட்டத்தத் தமிழ்ல சொல்லும்போது புழங்கற சொல்லு நில உபயோகம், நிலப்பயன்பாடு, நிலப்பயன். என் ஓட்டு நிலப்பயனுக்குத்தான். ஏன்னா ஜோன்ங்கற சொல்லு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுது, எல்லை மட்டும்தான் காட்டுது. நிலப்பயன்ங்கறது எதுக்குன்னு சொல்லுது. எங்க அக்கா அன்னிக்கு "நம்ம தெரு என்ன நிலப்பயன்?"னு கேட்டிருந்தா அங்கிள் பத்துன்னு சொல்லியிருக்கவே மாட்டார், முதன்மைக் குடியிருப்புன்னு சொல்லியிருப்பார் இல்ல தெரியாதுன்னு சொல்லியிருப்பார், ரெண்டுமே நல்லது. அதனால ஜோன் = நிலப்பயன் வகை, ஜோனிங் = நிலப்பயன் வகுத்தல், ரீகிளாசிஃபிகேஷன் = நிலப்பயன் மாற்றம். நிர்வாக ஜோனுக்கு மட்டும் மண்டலம். கூடவே ஒண்ணு, எஃப்.எஸ்.ஐ. வேற விஷயம், அதுக்குத் தளப்பரப்புக் குறியீடுன்னு பேர், மனை அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு. 2019-ல வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள்ல சாதாரண கட்டடத்துக்கு அது 2, ரெண்டு கிரவுண்டுன்னா 4,800 சதுர அடி, அதுல 9,600 சதுர அடி தளம் வரும். நிலப்பயன் மாறாமலே தெரு நிறைய ஃபிளாட் வரலாம்ங்கறதுக்கு இதுதான் காரணம், நெறைய பேர் ரெண்டையும் ஒண்ணாப் போட்டு சண்டை போடறாங்க.

ரீகிளாசிஃபிகேஷன் பத்தி கொஞ்சம் கூடவே சொல்றேன், ஏன்னா பொதுஜனத்துக்குக் கெடைக்கற ஒரே கதவு அதுதான். நிலத்துக்காரர் விண்ணப்பம் போடுவார், பேப்பர்ல அறிவிப்பு வரும், அதுல சர்வே நம்பர், இப்ப என்ன, என்னவா மாத்தணும், எந்தத் தேதிக்குள்ள எழுத்துல ஆட்சேபமோ கருத்தோ குடுக்கணும்னு இருக்கும். அறிவிப்பு "உபயோகப் பகுதியிலிருந்து உபயோகப் பகுதியாக"ன்னு ஒரு இழுவைத் தமிழ்ல வரும், அத ஆங்கிலத்துலேர்ந்து அப்படியே இறக்கியிருப்பாங்க, வேகமா புரட்டறவங்க கண்ணுல படவே படாது. "இந்த வீட்டு மனையைக் கடை மனையாக மாற்றக் கேட்கிறார்கள்"னு மேல ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சு போகும்னு எனக்குப் புரியல. ஜனத்துக்குத் தெரியணும்னு போடற அறிவிப்பு ஜனத்துக்குப் புரியற தமிழ்ல இருக்கணும். சி.எம்.டி.ஏ. ஆபீஸ் இருக்கற எழும்பூர் கட்டடத்துக்குத் தாளமுத்து நடராசன் மாளிகைன்னு பேரு, 1939-ல இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல ஜெயில்ல இருந்தப்ப உயிர விட்ட ரெண்டு பேர் அவங்க. அந்தப் பேர் எழுதின வாசல்ல நுழையும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள ஏதோ பண்ணும்.

ஆட்சேபம்னா எது வந்தாலும் வேணாம்ங்கறது இல்ல. எங்க மீட்டிங்லயே ஒருத்தர் "ஃபிளாட்டே வேணாம், கூட்டம் வரும்"னு சொன்னார், நாமளே ஒரு தனி வீட்ட இடிச்சுக் கட்டின ஃபிளாட்டுலதான உக்காந்து பேசறோம்னு நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. ஊருக்குள்ள வீடு கட்ட விடாம அடைச்சா ஜனம் எங்க போகும், வசதி இல்லாதவங்கள கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு வேலை பாக்கற இடத்துலேர்ந்து அவ்ளோ தூரம் கொண்டு போய் விட்டது போதும். அதனால குடியிருப்பு வந்தா வரட்டும்னு பேசி முடிச்சோம். எங்க கவலை வணிகம் மட்டும்தான், இருபதடி தெருவுல லோடு வண்டி நின்னா ஆம்புலன்ஸ் வராது, மழைக்குத் தெரு தண்ணியெல்லாம் அந்த மனைப் பக்கம்தான் எறங்குது, அங்க முழுக்க காங்கிரீட் போட்டா எங்க கிரவுண்ட் ஃப்ளோர்க்குள்ள வரும்.

மறுநாள் நானும் அங்கிளும் அக்காவும் உக்காந்து லெட்டர் எழுதினோம். பொருள் வரில "முதன்மைக் குடியிருப்பு நிலப்பயனை வணிக நிலப்பயனாக மாற்றுவதற்கு ஆட்சேபம்"னு போட்டோம், ஜோன்ங்கற சொல்லே எங்கயும் வரல. தெரு அகலத்த டேப் வெச்சு அளந்து எழுதினோம், 2021-ல தண்ணி நின்ன ஃபோட்டோ ரெண்டு வெச்சோம். அக்கா கடைசில ஒரு வரி சேக்கச் சொன்னாங்க, அந்த மனைல இருக்கற கிணறு கோடைல கூட வத்தினதில்ல, எது கட்டினாலும் அத மூடாம விடணும்னு. முப்பத்தியொரு பேர் கையெழுத்து. எழும்பூர் போய் குடுத்து, நகல்ல சீல் வாங்கிட்டு வந்தோம், தேதி முடிய இன்னும் ரெண்டு நாள் இருந்தது.